புள்ளி இல்லாத காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் ‘இந்த ஒரு ரூபாய் உங்கள் வீட்டில் இருக்கிறதா? நீங்கள்தான் லட்சாதிபதி’ என்று ஒரு செய்தி வந்திருந்தது. வருடத்துக்குக் கீழே எந்தக் குறியும் இல்லாத நாணயம் மிக அரியதாம், அதை வாங்க ஆட்கள் காத்துக் கிடக்கிறார்களாம். யார் வாங்கினார்கள், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று ஒரு வரி கிடையாது. படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் வீதியில் அப்பளம் போட்டு விற்கிற அக்கா ஒருவர், இதே மாதிரி ஒரு காசை நம்பி 8,050 ரூபாயைத் தொலைத்து மூன்று மாதம்தான் ஆகிறது.

நான் நாணயம் சேகரிப்பவன் அல்ல. கோவை கணபதியில், உலோகத் தகட்டை இயந்திரத்தில் அழுத்தி உருவம் கொடுக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் 1979-ல் எடுபிடியாகச் சேர்ந்து, 34 வருடம் டை, அதாவது உலோகத்தில் உருவம் பதிக்கிற இரும்பு அச்சு, செய்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோட்டாருக்கான ஸ்டாம்பிங்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நடுநடுவே பள்ளிக்கூட மெடல், கேன்டீன் டோக்கன், கழுத்தில் போடுகிற சாமி டாலர் என்று எழுத்தும் உருவமும் விழுகிற வேலைகளும் வரும். காசு அடிப்பதும் அடிப்படையில் அதே வேலைதான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஒரு நாள் சாயங்காலம் குங்குமச் சிமிழோடு வந்தார். திறந்தால் உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு ரூபாய்.

“ஏனுங்கண்ணா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எம்பட பேரன் போன்ல பாத்தானுங்க. இதுல வருசத்துக்குக் கீழ புள்ளி இல்லீங்களாம். அஞ்சு லட்சத்துக்கு எடுத்துக்கறேன்னு ஒருத்தர் பேசிட்டாருங்க.”

“பேசினவரு பணம் குடுத்தாரா, கேட்டாரா?”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். முதலில் பதிவுக் கட்டணம் என்று 1,850. அடுத்த நாள் ஜிஎஸ்டி என்று 6,200. மூன்றாவதாக ஏதோ இன்சூரன்ஸ் என்று 11,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்து என்னிடம் வந்திருக்கிறார். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட ஒரு சான்றிதழும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதில் அக்காவின் பெயர் தப்பாக இருந்தது. காசில் எழுத்து விடுபட்டால் லட்சம் என்கிறவன் சான்றிதழில் எழுத்தைக் கோட்டை விட்டிருந்தான்.

காசை வாங்கிப் பார்த்தேன். 2012 என்று வருடம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் ஒன்றுமில்லாமல் இருப்பதே ஒரு ஊரின் அடையாளம். நம் நாட்டில் நாணயம் அடிக்கும் அரசு ஆலைகள் நான்கு. மும்பையில் அடித்தால் வருடத்துக்குக் கீழே சின்ன வைரம் மாதிரி ஒரு குறி. ஹைதராபாத் என்றால் நட்சத்திரம். நொய்டா என்றால் வட்டப் புள்ளி. கொல்கத்தா எந்தக் குறியும் போடுவதில்லை. அங்கிருந்து இத்தனை வருடங்களாகக் குறியில்லாமல் வந்து குவிந்த காசு எத்தனை கோடி இருக்கும்! உங்கள் சட்டைப் பையில் இப்போது கிடக்கிற சில்லறையைக் கொட்டிப் பாருங்கள், ஒன்றாவது அகப்படும்.

“அப்ப இது செல்லாதுங்களா?” என்றார் அக்கா.

“செல்லுமக்கா. ஒரு ரூபாய்க்குச் செல்லும்.”

சிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அவரும் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு. அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம். பணம் இன்னும் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காசில் ஏதாவது விடுபடுவது நடக்காத காரியம் இல்லை, நடக்கிறது. ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் எது அரியது, எது குப்பை என்று யாருமே பிரித்துப் பார்க்கலாம்.

காசில் எது மேடாக இருக்கிறதோ, அது டையில் பள்ளம். சிங்கத்தின் முகம் மேடு, அதனால் டையில் அது குழி. மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வளையம். இதை நாங்கள் காலர் என்போம். நடுவில் வெறும் உலோக வட்டு, அதாவது பிளாங்க். பிரஸ் இறங்கும்போது உலோகம் போக வழியில்லாமல் டையின் பள்ளங்களுக்குள் ஏறிக்கொள்கிறது. அதுதான் எழுத்து, உருவம், வருடம் எல்லாம். காலர் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்கிறது. காலர் சரியாக எழும்பாமல் போனால் காசு அகலமாகப் பரந்துவிடும், விளிம்பில் வரி விழாது.

இப்போது அந்தப் பள்ளத்துக்குள் பிசுக்கு போய் அடைந்துகொண்டால்? எண்ணெயும் இரும்புத்தூளும் தூசியும் சேர்ந்து கெட்டித்து உட்கார்ந்துவிட்டால் உலோகம் ஏற இடமில்லை. காசில் அந்த எழுத்து வராது. எண்ணெய் அழுத்தினால் சுருங்காது என்பதை ஜாக்கி வைத்து லாரி தூக்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள். பிரஸ் எத்தனை டன் போட்டாலும் பிசுக்கு அசையாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1980-களின் கடைசியில் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு 300 பித்தளை மெடல் ஆர்டர். ‘முதல் பரிசு’ என்று நடுவில் எழுத்து. டையை நானே வெட்டினேன். எழுத்தை உளியால் வெட்டி, ‘ல்’ மேல் புள்ளியை ஸ்கிரைபர் என்கிற கூரான கம்பியின் முனையால் குத்தி முடித்தேன். குழி கடுகில் பாதி கூட இருக்காது. இரவு ஷிப்டில் பையன் ஒருவன் ஓட்டினான். காலையில் எண்ணி, துணிப்பையில் கட்டி அனுப்பியாகிவிட்டது.

மறுநாள் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தமிழாசிரியராக இருந்து உயர்ந்தவர். மேசைமேல் மெடலை வைத்தார்.

“தம்பி, என்ன எழுதியிருக்கு? படிங்க.”

படித்தேன். ‘முதல பரிசு’ என்று இருந்தது.

“மெய்யெழுத்து உயிர்மெய் ஆயிடுச்சு. இதைப் பையன் கழுத்துல போட்டு அனுப்பினா, அவங்க அப்பா என்னைக் கேக்க மாட்டாரா, உங்க பள்ளிக்கூடத்துல தமிழே சொல்லித் தர்றதில்லையான்னு?”

300 மெடலையும் மேசையில் வரிசையாகப் பரப்பினோம். பையன் அடித்த வரிசையிலேயே அடுக்கியிருந்தான் என்பது அதிர்ஷ்டம். முதல் நாற்பது வரைக்கும் புள்ளி நறுக்கென்று இருந்தது. அதற்கப்புறம் மங்கல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் புடைப்பு. அறுபதுக்கு மேல் சுத்தமாக இல்லை. மற்ற எழுத்துகள் எல்லாம் கடைசி மெடல் வரைக்கும் துல்லியம். டையைக் கழற்றித் தையல் ஊசியால் அந்தக் குழியைக் கிளறினேன். கறுப்பாக ஒரு துணுக்கு வெளியே வந்து விழுந்தது. நகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அச்சு அசல் அந்தப் புள்ளியின் உருவம். 240 மெடலை என் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பது தனிக்கதை.

சின்னக் குழிதான் முதலில் அடையும். காசில் ஆலைக்குறிதான் மிகச் சின்னக் குழி. அதனால்தான் உலகம் முழுக்க ‘குறியில்லாத காசு’ என்ற பேச்சு அதிகம்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல உதாரணம் 1922-ம் வருடத்து ஒரு சென்ட் காசு. லிங்கன் தலை போட்டது. டென்வர் ஆலையில் அடித்தால் வருடத்துக்குக் கீழே ‘டி’ என்ற எழுத்து இருக்கும். பிலடெல்பியாவில் அடித்தால் அந்தக் காலத்தில் குறி கிடையாது, நம் கொல்கத்தா மாதிரி. அந்த வருடக் காசில் ‘டி’ தெளிவாக இருப்பதும் உண்டு, மங்கலாக இருப்பதும் உண்டு, அறவே இல்லாததும் உண்டு. என் மெடல் வரிசை அப்படியே! ஆனால் அந்த ‘இல்லாத’ காசு ஏன் சேகரிப்பவர்களிடம் நல்ல விலைக்குப் போகிறது தெரியுமா? 1922-ல் டென்வரைத் தவிர வேறெந்த ஆலையும் ஒரு சென்ட் அடிக்கவில்லை. ஆகவே குறியில்லாத 1922 சென்ட் எதுவானாலும் அது டென்வரில் டை தேய்ந்து அடைத்துப்போய் வந்ததாகத்தான் இருக்க முடியும். வேறு ஊர்க் காசு என்று சொல்ல வழியே இல்லை.

நம் ஒரு ரூபாய்க்கு அந்தச் சாட்சி கிடையாது. குறியில்லாமலே அடிக்கிற கொல்கத்தா நம்மிடம் இருக்கும்போது, குறி இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. உங்கள் நிருபர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் செய்தி அச்சேறியிருக்காது.

குறி விடுபட இன்னொரு வழியும் உண்டு. டை செய்கிறவரே குத்த மறந்துவிடுவது. முன்பெல்லாம் அமெரிக்காவில் ஆலைக்குறியை ஒவ்வொரு டையிலும் தனியாகக் கையால் குத்துவார்கள். 1982-ல் பிலடெல்பியாவுக்கான பத்து சென்ட் டை ஒன்றில் ‘பி’யைக் குத்த மறந்துவிட்டார்கள். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் சில்லறையில்தான் நிறைய கிடைத்தனவாம். இதில் பிசுக்குக்கு வேலையே இல்லை, மனுசன் மறதி. அந்த வகையில் எனக்கு அவர்மேல் ஒரு பாசம்.

அடுத்தது பாலீஷ். மேல் டையும் கீழ் டையும் நடுவில் பிளாங்க் இல்லாமல் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் இன்னொன்றில் பதிந்துவிடும். அடுத்து வரும் காசுகளில் பின்பக்கத்து உருவத்தின் கோடுகள் முன்பக்கத்தில் பேய் மாதிரி மெலிதாகத் தெரியும். டையைத் தூக்கிப் போட மனசு வராது. ஒரு டையைக் காய்ச்சிக் கடினமாக்கி, பிறகு உடையாதபடி பதமாக்கி எடுப்பதற்குப் பட்ட பாடு பட்டவனுக்குத்தான் தெரியும். எமரி என்கிற உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்தக் கோட்டை எடுக்கப் பார்ப்போம். கொஞ்சம் கை அதிகமாகப் போனால் கோட்டோடு சேர்ந்து ஆழமில்லாத வேலைப்பாடும் போய்விடும். 1937-ல் டென்வரில் இதுதான் நடந்தது. ஐந்து சென்ட் காசில் நிற்கிற காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று பாலீஷில் மறைந்துபோய், மூன்று கால் எருமையாகிவிட்டது. குளம்பு மட்டும் தரையில் தனியாக நிற்கும். கால் இருந்த குழி ஆழம் குறைவு, அது போயிற்று. குளம்பின் குழி ஆழம் கூடுதல், தப்பித்தது. படத்தைப் பார்த்ததுமே எமரி பிடித்த கை எந்தப் பக்கம் அழுத்தியது என்று என்னால் சொல்ல முடிகிறது.

அந்த மூன்று கால் எருமைக்கு விலை ஏறியதும், நாலு கால் எருமையின் காலை அரத்தால் ராவி விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் அசல் காசில் எருமையின் வயிற்றுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. டையில் விழுந்திருந்த குழிகளின் பதிவு அவை. அரத்தால் மேட்டைக் குறைக்கலாம், மேட்டை உண்டாக்க முடியுமா? போலியைப் பிடிக்க இதைவிட நல்ல சூத்திரம் எனக்குத் தெரியாது.

எழுத்து காணாமல் போவதற்குப் பதில் இரட்டையாக விழுவதும் உண்டு. 1955-ல் பிலடெல்பியாவில் அடித்த லிங்கன் சென்ட்டில் வருடமும் எழுத்தும் கண்ணாடி இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். காசை இரண்டு முறை அடித்ததால் வந்தது என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. டையைச் செய்வதற்கு ஒரு தாய் அச்சு உண்டு. அதை டை இரும்பில் ஒரே அழுத்தில் முழு ஆழத்துக்கு இறக்க அப்போது முடியாது. ஒரு தடவை அழுத்தி, இரும்பைக் காய்ச்சி மென்மையாக்கி, மறுபடியும் அதே இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். இரண்டாவது தடவை கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. டையே இரட்டையாகப் பிறந்தது. அது பெற்ற பிள்ளைகள் அத்தனையும் இரட்டை.

இன்னொரு விநோதம் இங்கிலாந்தில். 2008-ல் அங்கே காசுகளின் வடிவமைப்பை மாற்றினார்கள். 20 பென்ஸில் பழைய அமைப்பில் வருடம் பின்பக்கம், புதிய அமைப்பில் முன்பக்கம். யாரோ பழைய முன்பக்க டையையும் புதிய பின்பக்க டையையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வருடமே இல்லாத காசு புழக்கத்துக்குப் போய்விட்டது. எந்த டையிலும் குறையில்லை, ஜோடிதான் தப்பு. கல்யாணத்திலும் நடப்பதுதான்.

டையில் வெடிப்பு விழுந்தால் காசில் மெல்லிய மேட்டுக்கோடு வரும். டையின் ஓரம் பெயர்ந்து விழுந்தால் அந்த இடத்தில் எழுத்துக்குப் பதில் மொட்டையாக ஒரு உலோகக் கட்டி. அடித்த காசு வெளியே போகாமல் மேல் டையிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த பிளாங்க்கில் அந்தக் காசின் முகம் பள்ளமாக, இடவலம் மாறி விழும். தகட்டிலிருந்து பிளாங்க் வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால் ஓரத்தில் பிறை கடித்த மாதிரி ஒரு துண்டு குறையும். இவையெல்லாம் நம் நாட்டுக் காசிலும் வருவதுதான். சேகரிப்பவர்கள் விலை கொடுத்து வாங்கவும் செய்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவன் பணம் கொடுப்பான், கேட்க மாட்டான்.

இனி, ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு கெட்டுப்போன காசுகள். வீடியோவில் காட்டுகிறவற்றில் பாதிக்கு மேல் இவைதான் என்பது என் எண்ணம். சின்ன வயதில் தண்டவாளத்தில் பத்து பைசா வைத்து, ரயில் ஏறினால் காந்தமாகும் என்று காத்திருக்காதவர் நம்மில் யார்? தகடாகப் பரந்து, எழுத்து கரைந்த அந்த அலுமினியக் காசை இன்றைக்குப் படம் எடுத்துப் போட்டால் அதற்கும் ஒரு லட்சம் என்பார்கள். ஆசிட்டில் ஊறப்போட்டது, கிரைண்டரில் காட்டியது, உண்டியலில் மஞ்சளும் எண்ணெயும் ஏறியதைப் புளி போட்டுத் தேய்த்து எழுத்தை மழுக்கியது என்று எத்தனையோ.

நானும் யோக்கியன் இல்லை. பிரஸ் ஷாப்பில் சேர்ந்த வருடம், இரண்டு பத்து பைசாவை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேசையில் பொருத்திய வைஸ் என்கிற இரும்புப் பிடியின் வாயில் கொடுத்து, பைப்பு மாட்டி முறுக்கினேன். பிரித்தால் ஒன்றின் முகம் இன்னொன்றில் பள்ளமாக, திருப்பிப் போட்ட மாதிரி பதிந்திருந்தது. ‘மின்ட்ல தப்பா வந்தது’ என்று கூட்டாளி ஒருவனிடம் சொல்லி ஒரு சினிமா டிக்கெட் தேற்றினேன். வயதான ஃபோர்மேன் ஒருவர் காசை வாங்கித் திருப்பினார். “மறுபக்கம் வைஸ் வாய் கடிச்ச வரி இருக்குதே கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குக் கற்றதை இன்றைக்கும் செய்கிறேன்: எந்தக் காசு வந்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் ஒரு எழுத்து இல்லை, அதற்கு நேர் பின்புறம் துல்லியமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் டையில் பிசுக்கு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மங்கல் என்றால் அழுத்தம் போதவில்லை. இழுத்த கீறல் இருந்தால் அரம். எடை குறைந்தால் ஆசிட். பத்து ரூபாய்க்கு வாங்கிய லென்ஸும், பழக்கமான நகைக்கடையில் ஒரு நிமிடம் கடன் கேட்ட தராசும் போதும்.

கீறிய காசெல்லாம் மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் புதையலாகக் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் குறுக்காக உளி வெட்டு இருந்தது. ‘இனி இது காசாக ஓட வேண்டாம், பொன்னாக மட்டும் மதிப்புப் பெறட்டும்’ என்று இங்கே யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் ஒரு விளக்கம். தலையில் வெட்டுப்பட்ட சீசரை நினைத்தால் எனக்கு அந்த உளி பிடித்த ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறார். ஒரே அடி.

நம் சனங்களின் மனசு ஒன்று எனக்குப் புரிவதே இல்லை. பத்து ரூபாய் நாணயத்தில் ஒன்றில் பூவிதழ் மாதிரி பத்துக் கோடு, இன்னொன்றில் பதினைந்து. ஒன்றில் ரூபாய்க் குறியீடு இருக்கிறது, மற்றதில் இல்லை. குறியீடே 2010-ல்தான் வந்தது, 2011-லிருந்துதான் காசில் ஏறியது. முந்தைய காசில் எப்படி இருக்கும்? ஆனால் அதைக் கள்ளக்காசு என்று சொல்லி வருடக்கணக்கில் டீக்கடையிலிருந்து மளிகை வரை யாரும் வாங்கவில்லை. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 14440 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றது. கேட்டோமா? 2022-ல் தர்மபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் பத்து ரூபாய் நாணயமாகவே மூட்டை கட்டிக்கொண்டு போய் கார் வாங்கிக் காட்ட வேண்டியிருந்தது. வித்தியாசமான பத்து ரூபாயைக் கள்ளக்காசு என்று தள்ளிய அதே கைதான், வித்தியாசமான ஒரு ரூபாயைப் புதையல் என்று பஞ்சில் பொதிகிறது.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணயங்களை வாங்குவது விற்பதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்டால் நம்பாதீர்கள் என்று. அந்த எச்சரிக்கையை உங்கள் நாளிதழும் அன்றைக்கு வெளியிட்டிருக்கும். ஆனால் அது வாணலி துடைக்கப் போயிருக்கும். ‘லட்சாதிபதி’ செய்தி போனுக்குப் போன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐயா, நான் கேட்பது இவ்வளவுதான். அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் நான்கு ஆலைக் குறிகளையும் பெரிதாகப் படம் போட்டு, கொல்கத்தாவுக்கு நேரே வெற்றிடம் விட்டு, ‘இதுவும் ஒரு குறிதான்’ என்று போடுங்கள். பக்கத்தில் 1930 என்ற எண். இனிமேல் யாராவது ‘இந்தக் காசு இத்தனை லட்சத்துக்குப் போயிற்று’ என்று செய்தி கொண்டுவந்தால், எந்த ஏலம், என்ன தேதி என்று அவரைக் கேளுங்கள். மெடலில் ஒரு புள்ளி விட்டதற்கு என்னிடம் 240 மெடலின் காசைப் பிடித்தார்கள். உங்களிடம் யாரும் பிடிக்கப் போவதில்லை, கேட்டாவது வையுங்கள்.

அக்காவின் பேரனுக்கு ஏழாம் வகுப்பு. தன்னால்தான் பாட்டியின் பணம் போயிற்று என்று கொஞ்ச நாள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. இப்போது என் லென்ஸ் அவனிடம்தான் இருக்கிறது. ஞாயிறு தோறும் அப்பள வியாபாரச் சில்லறையைத் திண்ணையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். போன வாரம் ஐந்து ரூபாய் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். விளிம்போரம் ஒரு எழுத்து பாதிதான் இருந்தது. நான் கை நீட்டுவதற்குள் அவனே திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் சாய்த்தான்.

“பின்னாடி நல்லா இருக்குது தாத்தா. பிசுக்கு.”

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கவில்லை. சிமிழில் இருந்த அந்த ஒரு ரூபாயை அக்கா பால்காரருக்குக் கொடுத்துவிட்டாராம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டை மேக்கர் ஒருவர்,
கணபதி, கோவை – 6.